வலது காலுக்கு மட்டும்

இழுப்பறையில் பதினோரு ஜோடி.
பன்னிரண்டாவதில் ஒன்றுதான் மிஞ்சியது,
அதைப் பற்றிப் பிறகு.

ராஸ் அல் கைமாவில் பருவம் இரண்டு என்பார்கள்:
வெயில், கொஞ்சம் குறைந்த வெயில்.
சொல்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள்.
கணுக்காலைக் கேட்டால் ஆறு சொல்லும்.

மே மாதத்துக்கு வலைபோல் பின்னிய வெள்ளை.
காற்று நுழையும். மணலும் நுழையும்.
ஒன்றைக் கூப்பிட்டால்
இன்னொன்றும் கூடவே வரும்.

ஆகஸ்டில்
விடிகாலை நான்கரைக்கே கடல் நம் மேல் மூச்சு விடும்.
பருத்தி கூடவே கூடாது.
கடற்கரைச் சாலை முடிவதற்குள்
நனைந்த இட்லித் துணியாகி
குதிகாலில் கொப்புளத்தை அவித்துத் தரும்.

டிசம்பருக்கு மெல்லிய கம்பளி.
அரபு நாட்டில் கம்பளியா என்று
அண்ணி வீடியோவில் சிரித்தாள்.
ஜெபல் ஜெய்ஸ் ஏறும்போது தேவைப்படாது,
இறங்கும்போதுதான்.
மிதிக்க வேலையில்லாமல் கால் சும்மா வரும்,
குளிர் சும்மா வராது,
விரல்களை ஒவ்வொன்றாய் எண்ணி எடுத்துக்கொள்ளும்.

முழங்கால் வரை இறுக்குகிற ஒன்றும் உண்டு.
டயாலிசிஸ் வார்டில்
பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்கானது.
சைக்கிளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.
ஆனால் விடுதி அறையில்
எனக்கென்று இருப்பது ஒரே இழுப்பறை.

வேகமாய் ஓட்டும் ஞாயிறுகளுக்கு உயரமான கறுப்பு.
வரிவரியாய், காற்றை ஏமாற்றுமாம்.
நாற்பது கிலோமீட்டருக்கு எட்டு நொடி மிச்சம்
என்று அட்டையில் போட்டிருந்தது.
எட்டு நொடியை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று போடவில்லை.
எழுபத்தைந்து திர்ஹாம்.

அதைப் போட்டிருந்த அன்றுதான்
அல் நக்கீல் சிக்னலுக்கு முன்னால்
ஒரு லேண்ட் குரூசர் உரசிப் போக,
என் வாயிலிருந்து
கலப்படமில்லாத திருநெல்வேலி புறப்பட்டது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"அக்காவுக்கு எந்த ஊரு?"

காளிராஜ். பகாலா சைக்கிள்.
இரண்டு பக்கமும் தண்ணீர் கேன்,
முன்கூடையில் குப்பூஸ், ஒரு தட்டு முட்டை.
என் சைக்கிளின் எடையைக் கேட்டுவிட்டு
"எங்க கேன்ல பாதிகூட இல்லியே" என்றான்.
பிறகு சாக்ஸின் விலையைக் கேட்டான்.

பதினைந்து என்றேன்.

"பதினஞ்சா? சாக்ஸுக்கா?"
கேனைத் தட்டிச் சிரித்தான்.
அறுபது திர்ஹாம் பொய்
கெண்டைக்காலை இறுக்கியது.

குனிந்த கண் அவன் காலுக்குப் போயிற்று.
ரப்பர் செருப்பு.
வலது காலில் மட்டும் ஒரு சாம்பல் சாக்ஸ்.
செருப்பின் வார் விரலிடுக்கில் அழுத்தி
மாட்டுக் குளம்புபோல் பிளந்திருந்தது.
பேண்ட் நுனியை அதற்குள் செருகியிருந்தான்.
இடது கால் வெறுங்கால்.

பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.
"செயின் ஒரு பக்கந்தானக்கா இருக்கு."

கோடைக்கு? இதுதான்.
குளிருக்கு? இதுதான்.
துவைத்த அன்றைக்கு?
"அன்னிக்கு பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிடுவேன்."

நூலின் கனம், ஊசிகளின் எண்ணிக்கை,
விளிம்பு எத்தனை அங்குலம் என்று
ராத்திரி ராத்திரியாய்ப் படித்தவள் நான்.
எந்தப் பக்கம் கடிக்கும் என்று
ஒரு தடவை யோசித்ததில்லை.

இப்போது அந்தப் பன்னிரண்டாவது.
ஜோடியில் ஒன்றை லாண்டரி விழுங்கிவிட்டது.
மிஞ்சியதன் விரல் பக்கத்தில்
எல் என்று ஆங்கில எழுத்தைப் பின்னியிருக்கிறார்கள்.
குப்பையில் போடவும் மனம் வராமல்
ஏழு மாதமாக மற்ற ஜோடிகளுக்கு அடியில்.

அடுத்த ஞாயிறு, அதே சிக்னல்.
"இது இடது காலுக்கானது" என்று
மன்னிப்புக் கேட்பதுபோல் நீட்டினேன்.
திருப்பிப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான்.
"செயினுக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

கேன்கள் சரியாமல் ஒரு காலை ஊன்றி
அங்கேயே மாட்டிக்கொண்டான்.
பேண்ட்டைச் செருகிக்கொண்டே
தலை தூக்காமல் கேட்டான்,
"இது எவ்வளவு?"

பச்சை விழ
எப்படியும் எட்டு நொடி இருக்கும்.